கை வைத்துப் பார்க்காத இடம்

ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் இருதய வார்டில். இத்தனை வருசத்தில் எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நான் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்டது செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி. 2013-ஆம் வருசம். பிணவறை வாசலில், கையில் மஞ்சப்பையோடு நின்றார். "நெஞ்சுக்குத்தானே தாயி வைத்தியம் பாத்தீங்க? ராவெல்லாம் முதுகு கடுக்குது, அடிவயிறு வலிக்குதுன்னாரே, அது ஏன்?"

எனக்குத் தெரியும் ஏன் என்று. ஆனால் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. அவரும் நம்ம சனம், நானும் நம்ம சனம். இருந்தும் சொல்லவில்லை. வெள்ளை உடுப்பு போட்டிருந்தேன், சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன், பயந்தேன். அவ்வளவுதான்.

முதலில் அந்த வைத்தியம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகிற குழாய் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. அந்த அடைப்பை நெஞ்சைத் திறக்காமலே சரிசெய்யலாம் என்று 1977-இல் சூரிச் நகரில் கிரன்ட்சிக் என்ற மருத்துவர் செய்து காட்டினார். தொடை மடிப்பில் இருக்கிற பெரிய தமனியில் ஊசியால் துளை போட்டு, அதன் வழியாக மெல்லிய குழாயை இருதயம் வரைக்கும் விட்டு, அடைத்த இடத்தில் பலூனை ஊதிப் பிரித்துவிடுவது. பிற்பாடு அந்த இடத்தில் ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழலையும் வைக்க ஆரம்பித்தார்கள். குழாய் உள்ளே இருக்கும்போது ரத்தம் உறையக் கூடாது. அதற்கு ஹெபாரின் ஊசி. ஸ்டென்டும் அடைத்துவிடக் கூடாது. அதற்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி மாத்திரைகள். யோசித்துப் பாருங்கள். உடம்பின் பெரிய ரத்தக் குழாய் ஒன்றில் ஓட்டை போடுகிறோம். அதே நேரம் ரத்தம் உறையாமலும் செய்கிறோம். இருதயத்தைக் காப்பாற்றுவதும் இதுதான், ஆளைக் கொல்லக் கூடியதும் இதுதான். நடுவில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியது நர்சின் கை.

ரொம்ப காலம் இந்த வைத்தியம் லட்சம் வைத்திருப்பவனுக்குத்தான். 2009-இல் தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் அது முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. அதற்குப் பிறகுதான் நம்ம தெரு ஆட்கள் அட்டையைத் தூக்கிக்கொண்டு கேத் லேப் வாசலுக்கு வந்தார்கள். நான் சொல்லப்போகிற இரண்டு பேரும் அந்த அட்டையில் வந்தவர்கள்தான். ஒருவர் ஊர்த் தெரு, இன்னொருவர் சேரி.

ஊர்த் தெருக்காரம்மா வந்தது 2010-இல். அறுபது வயசு இருக்கும். எங்க ஊருக்குப் பக்கத்து ஊர். அந்தத் தெருவில் எங்கம்மா களை எடுக்கப் போயிருக்கிறார். சாயங்காலம் தொடையில் இருந்த குழாயை உருவி, டாக்டர் அழுத்திப் பிடித்து, மேலே மணல் மூட்டை வைத்துவிட்டுப் போனார். இதற்கு அப்புறம் முதல் ஒரு மணி நேரம் பதினைந்து நிமிசத்துக்கு ஒரு தரம் நர்ஸ் போய்ப் பார்க்க வேண்டும். பி.பி., பல்ஸ், கால் விரலில் சூடு, பாதத்தில் நாடி, துளை போட்ட இடம். துளை போட்ட இடத்தைக் கண்ணால் பார்த்தால் போதாது, கை வைத்துப் பார்க்க வேண்டும். மெத்தென்று இருக்கிறதா, கல் மாதிரி இருக்கிறதா, உள்ளே ஏதாவது துடிக்கிறதா. அதைக் கையால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முதல் தரம் போனபோது அந்தம்மா கேட்டார். "எந்த ஊரு புள்ள நீ?"

சொன்னேன்.

"எந்தத் தெரு?"

"காலனிங்க."

போர்வையை இடுப்புக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பதினைந்து நிமிசம் கழித்துப் போனபோது மருமகள் எழுந்து கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாங்க பாத்துக்கிறோம்." அடுத்த தரமும் அதேதான். எனக்குக் கோபம். கூடவே அவமானம். 'உன் தொடையைத் தொடணும்னு எனக்கென்ன தலையெழுத்தா' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். வந்து நோட்டில் எழுதினேன்: துளை போட்ட இடம் நன்றாக உள்ளது, கசிவு இல்லை. இரண்டு தரம் எழுதினேன். பார்க்காமலே எழுதினேன்.

நாலாவது தரம் போனபோது அந்தம்மா தண்ணீர் கேட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. ஏசி ஓடுகிற அறையில் வேர்வை. ஒரு இடத்தில் கால் தரிக்காமல் புரண்டார். பல்ஸ் 118. பி.பி. மேல் அளவு 84. மருமகளைத் தள்ளிவிட்டுப் போர்வையை உருவினேன். மேலே போட்டிருந்த விரிப்பு வெள்ளையாகத்தான் இருந்தது. மணல் மூட்டையும் வைத்த இடத்திலேயே இருந்தது. இடுப்புக்கு அடியில் கையை விட்டேன். மணிக்கட்டு வரை ரத்தம். படுத்திருக்கிற ஆளுக்கு ரத்தம் மேலே வராது, தொடை ஓரமாக வழிந்து முதுகுப் பக்கம் போய்த் தேங்கும். அதனால்தான் அடியில் கை விட்டுப் பார் என்று பாடத்திலேயே இருக்கிறது.

கத்திக்கொண்டே மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, தோலில் தெரிகிற துளைக்கு இரண்டு விரல் மேலே கையை வைத்து அழுத்தினேன். ஊசி சாய்வாகப் போவதால் தமனியில் இருக்கிற ஓட்டை தோலில் தெரிகிற ஓட்டைக்கு மேலேதான் இருக்கும். தெரிகிற இடத்தில் மட்டும் அழுத்தினால் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். இருபது நிமிசம் கையை எடுக்கவில்லை. தோள் கழன்று போகிற மாதிரி வலி. டாக்டர் ஓடி வந்தார். ஹெபாரினை முறிக்கிற புரோட்டமின் ஏறியது, சலைன் ஏறியது, ரத்தம் இரண்டு பாட்டில் ஏறியது. அந்த இருபது நிமிசமும் அந்தம்மா என் முன்கையைப் பிடித்தபடியே இருந்தார். எங்கம்மாவுக்குத் தண்ணீரைத் தூக்கி ஊற்றிய கை அது. பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற அன்றைக்கு இருநூறு ரூபாயைக் கட்டில் ஓர மேசையில் வைத்துவிட்டு "எடுத்துக்க" என்றார். கையில் கொடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை. எங்கள் வார்டு ஆயா எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "உங்கம்மா களையெடுத்த கூலியில பாக்கிடி இது. விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்றார். சிரித்துவிட்டேன்.

அந்தம்மா செய்தது தீண்டாமை. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நோட்டில் அந்த இரண்டு வரியை எழுதியது அவரில்லை, நான். அன்றைக்கு அவர் செத்திருந்தால் சாதியும் என் ரோசமும் சேர்ந்து கொன்றதாகத்தான் கணக்கு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது செங்கல் சூளைக்காரர். ஐம்பத்தைந்து வயசு இருக்கலாம், அவருக்கே சரியாகத் தெரியாது. நடுராத்திரி மாரடைப்போடு வந்தார். அவசரம். எடை பார்க்கவில்லை. அறுபது கிலோ என்று உத்தேசமாக எழுதி அந்தக் கணக்கில் ஹெபாரின் போட்டார்கள். அந்த மருந்து ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் போடுகிற மருந்து. அவர் மனைவியின் மஞ்சப்பையில் ஒரு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. அதில் 43 கிலோ என்று எழுதியிருந்தது. அந்தப் பையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மறுநாள்தான் நான் பார்த்தேன்.

தொடை வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பு நன்றாகத் திறந்தது. வார்டுக்கு வந்தபோது நெஞ்சு வலி இல்லை. நான் கற்ற பாடப்படி போர்வையை விலக்கினேன், கை வைத்துப் பார்த்தேன், அடியில் கை விட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "எப்படி இருக்குங்கய்யா?" என்றால் "நல்லாருக்குது தாயி" என்பார். டாக்டர் கேட்டாலும் "நல்லாருக்குதுங்க சாமி." நம்ம ஆட்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? வலிக்கிறது என்று சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவான் என்று பழகிய வாய்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவராகவே சொன்னார். "முதுகு லேசா கடுக்குது சாமி."

பயிற்சி டாக்டர் சிரித்தார். "கட்டில்ல படுத்துப் பழக்கமில்ல. ஆறு மணி நேரம் அசையாம படுத்தா யாருக்கும் கடுக்கும்."

அது பொய்யில்லை. நிறையப் பேருக்குக் கடுக்கும். ஆனால் இவருக்கு வலது பக்கம் மட்டும் கடுத்தது. இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் ஆரம்பித்து அடிவயிறு வரை வந்தது. மூத்திரம் முட்டுகிறது என்றார், வைத்துப் பார்த்தால் வரவில்லை. வலது காலை மடக்கி மடக்கி வைத்தார். பி.பி. 110-இலிருந்து 90-க்கு வந்தது. பல்ஸ் 74. "பல்ஸ் ஏறலியே, ரத்தம் போனா ஏறணுமே. நரம்பு அதிர்ச்சிதான் இது" என்று டாக்டர் அட்ரோபினும் சலைனும் போட்டார். பி.பி. 104 வந்தது. போய்விட்டார்.

நரம்பு அதிர்ச்சியில் பி.பி. இறங்கும்போது பல்ஸும் இறங்கும். ஊசி போட்டால் சில நிமிசத்தில் சரியாகி அங்கேயே நிற்கும். ரத்தம் போனால் பி.பி. இறங்கும், பல்ஸ் ஏறும். சலைன் போட்டால் கொஞ்சம் ஏறி மறுபடியும் இறங்கும். இவருக்கு இருபது நிமிசத்தில் மறுபடியும் 88. பல்ஸ் ஏன் ஏறவில்லை? வந்தவுடன் இருதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை கொடுத்திருந்தோம். மாத்திரை பல்ஸைப் பிடித்து வைத்திருந்தது. நாங்களே கொடுத்துவிட்டு நாங்களே மறந்துபோனோம்.

அடிவயிற்றில் வலது பக்கம் கை வைத்து அழுத்தினேன். பல்லைக் கடித்தார், சத்தம் போடவில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. டாக்டரிடம் போய், "சார், உள்ளுக்குள்ள ரத்தம் போகுதுன்னு நெனக்கிறேன்" என்றேன்.

"நீ டாக்டரா?"

அந்த ஐந்து எழுத்துக் கேள்விக்கு முன்னால் நான் ஒதுங்கிவிட்டேன். நாற்பது நிமிசம் ஒதுங்கியிருந்தேன். அந்தக் கேள்வியை அவர் எல்லா நர்சையும் பார்த்துக் கேட்பார் என்பதும் உண்மை. என்னை ரிசர்வேசன் நர்ஸ் என்று அறைக்குள் சொல்லிச் சிரிப்பார் என்பதும் உண்மை. நாற்பது நிமிசம் கழித்து, நடப்பது நடக்கட்டும் என்று பெரிய டாக்டருக்கு நேராகப் போன் செய்தேன். அவர் ஒரு வார்த்தைகூட அதட்டவில்லை. "சி.டி. எடுங்க, ரத்தம் சொல்லுங்க, நான் வர்றேன்" என்றார். படத்தில் வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்புக்குப் பக்கத்தில், ஒரு பெரிய ரத்தக் குளம் தெரிந்தது. விடியற்காலை இறந்துபோனார்.

அந்தம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். தொடை மடிப்பில் ஒரு நார்ப்பட்டை இருக்கிறது. அதற்குக் கீழே தமனிக்குப் பின்னால் எலும்பு இருப்பதால், அங்கே துளை போட்டால் எலும்பின் மேல் வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தலாம். துளை கொஞ்சம் மேலே போய்விட்டால் அழுத்துவதற்கு எலும்பு கிடையாது. ரத்தம் வெளியேயும் வராது, தொடையும் வீங்காது. வயிற்றுப் பைக்குப் பின்னால், சிறுநீரகங்கள் இருக்கிற காலி இடத்துக்குள் ஏறிப் போகும். அந்த இடம் லிட்டர் கணக்கில் ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். நரம்பை அழுத்தும்போது கால் மரக்கும், பலம் குறையும். மூத்திரப்பையை அழுத்தும்போது முட்டுகிற மாதிரி இருக்கும். முதுகு கடுக்கும். உங்க வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துப் பழகாததால் முதுகு கடுக்கவில்லை தாயி. அவர் சொன்னது சரி. நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒரு கிலோ எடைக்கு எழுபது மில்லி ரத்தம் என்பது பொதுவான கணக்கு. எழுபது கிலோ ஆளுக்கு ஐந்து லிட்டர். 43 கிலோ ஆளுக்கு மூன்று லிட்டர்தான். பத்தில் மூன்று பங்கு போகிறவரைக்கும் உடம்பு பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும். அதற்கு மேல் போனால் சரிந்துவிடும். அதாவது பி.பி. இறங்கிய பிறகு நாம் முழித்துக்கொண்டால், ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது. உடனே எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் தப்பு. போன ரத்தத்தின் கணக்கு அதில் தெரிய நேரம் ஆகும். வயசானவர்கள், பெண்கள், மெலிந்தவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், ஏற்கெனவே சோகை உள்ளவர்கள் இவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் சோகை. மெலிந்தவர்களும் சோகை பிடித்தவர்களும் எந்தத் தெருவில் அதிகம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் படித்த புத்தகத்தில் ரத்தக்கட்டு என்றால் நீலமும் ஊதாவுமாக ஒரு படம் இருக்கும். வெள்ளைக்காரன் தொடை அது. நம்ம கறுத்த தோலில் அந்த நிறம் தெரியாது. முகம் வெளுக்கிறதா பார் என்பார்கள். கறுத்த முகம் எங்கே வெளுக்கும்? கண் இமையின் உள்பக்கம், நாக்கு, உள்ளங்கை இவற்றில்தான் பார்க்க வேண்டும். ரத்தக்கட்டைக் கையால் தடவி, கடினமான இடத்தின் ஓரத்தைப் பேனாவால் வட்டம் போட்டு, அது பெரிதாகிறதா என்று பார்க்க வேண்டும். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுப்பினத்தவர், நம் தோலில் நோயின் அடையாளங்கள் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-இல் ஒரு கையேடே கொண்டுவந்தார். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அழுகை வந்தது. இத்தனை காலமும் நம் உடம்பு பாடப் புத்தகத்துக்குள்ளேயே வரவில்லை.

ரத்தத்துக்குச் சாதி இல்லை என்று மேடையில் பேசுகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர் ரத்தத்தைத் தனியாகப் பிரித்து வைத்தது. 1950 வரைக்கும் அந்த வழக்கம் இருந்தது. இங்கே பாட்டிலில் அப்படிப் பிரிப்பதில்லை, சரி. அந்தம்மா உடம்பில் ஏறிய இரண்டு பாட்டில் எந்தத் தெரு ரத்தம் என்று அவர் கேட்கவில்லை. பாட்டிலுக்கு இல்லாத சாதி கைக்கு இருக்கிறது. யார் கை யார் மேல் படலாம், யார் வலியை யார் நம்பலாம் என்பதில் இருக்கிறது. வைத்தியத்தில் அது உயிர் விசயம்.

இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகச் செய்கிறார்கள். 1989-இல் மான்ட்ரியலில் காம்போ என்பவர் மணிக்கட்டு வழியாகப் படம் எடுத்துக் காட்டினார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் கீமனே பலூன் சிகிச்சையையே அப்படிச் செய்தார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2015-இல் வெளிவந்த மேட்ரிக்ஸ் ஆய்வு, மணிக்கட்டு வழியில் பெரிய ரத்தக்கசிவும் சாவும் குறைவு என்று காட்டியது. ஆனால் மணிக்கட்டு என்றாலும் ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். முன்கை வீங்கி இறுகிப்போய், விரல் மரத்து, விரலை நீட்டினாலே உயிர் போகிற வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். விட்டால் கை போய்விடும். நாடி கிடைக்காதவர்களுக்கும் சில பெரிய சிகிச்சைகளுக்கும் தொடை வழி இன்றைக்கும் இருக்கத்தான் செய்கிறது.

ஆகவே உங்களுக்கு, குறிப்பாக அம்மா அப்பாவை அட்டையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எடை பார்த்தார்களா என்று கேளுங்கள். பழைய சீட்டையெல்லாம் எடுத்துக் காட்டுங்கள். எந்த வழி, மணிக்கட்டா தொடையா என்று கேளுங்கள். தொடை என்றால் போர்வையை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், இடுப்புக்கு அடியிலும் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் போர்வையை இழுத்து விட வேண்டாம். திடீரென்று வேர்வை, தாகம், தலைசுற்றல், புரளுதல், முதுகு அல்லது பக்கவாட்டு வலி, அடிவயிற்று வலி, கால் மரத்தல், தொடையில் துடிக்கிற கட்டி, இதில் எது வந்தாலும் கூப்பிடுங்கள். நெஞ்சு வலியோடு பி.பி. இறங்கினால் இருதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுகிறதா என்று எக்கோ வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு தார் மாதிரி கறுப்பாக மலம் போனாலோ, கடுமையான தலைவலியோடு பேச்சு குழறினாலோ அன்றைக்கே ஓடுங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். ரத்தம் கசிந்தால் துளைக்கு மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 'நல்லாருக்குது சாமி' என்று சொல்லாதே, வலித்தால் வலிக்கிறது என்று சொல், ஒரு தரம் கேட்காவிட்டால் நாலு தரம் சொல் என்று.

எங்கள் வார்டில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் இரண்டு பாடம் சொல்லித் தருகிறேன். கை வைத்துப் பார்க்காமல் நோட்டில் எழுதாதே. 'நீ டாக்டரா' என்று கேட்டால், 'இல்ல சார், நான் நர்ஸ், அதனாலதான் சொல்றேன்' என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று பெரிய டாக்டருக்குப் போன் போடு. நாலைந்து பேர் அப்படிப் போன் போட்டிருக்கிறார்கள். ஒருத்திக்கு மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுத அவளோடு நானும் உட்கார்ந்தேன்.

சூளைக்காரரின் மனைவி எந்த ஊரில் இருக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியாது. சூளை மாறிப் போயிருப்பார்கள். இதைப் படிக்கிற யாராவது சூளைகளுக்குப் போய் வருகிறவர்களாக இருந்தால், அங்கே உட்கார்ந்து இதை வாசித்துக் காட்டுங்கள்.